சவ்வு காயக் கூடாது

மே 9

அன்புள்ள அண்ணா,

நகரத்துக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் மூச்சு எப்படி இருக்கிறது? படியேறினால் இன்னும் இழுக்கிறதா? மாவுத் தூசி படாத இடத்தில் ஒரு பருவம் இருந்தால் நெஞ்சு தெளிந்துவிடும் என்று டாக்டர் சொன்னதை நம்பித்தான் உன்னை எங்கள் ஆஸ்பத்திரிப் படகில் காவலுக்கு உட்கார வைத்தேன். பேக்கரியே கதி என்று கிடந்தவனைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டாள் தங்கை என்று அண்ணி திட்டாமல் இருந்தால் சரி. படகு கட்டியிருக்கும் துறையைச் சுற்றியிருக்கும் மலைகள் போன் சிக்னலை விழுங்கிவிடும். அதனால் சாமான் படகில் கடிதம் போடு, நானும் போடுகிறேன்.

அக்டோபரில் படகு மறுபடி கிளம்பும்வரை உனக்கு வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. கயிறு இறுகியிருக்கிறதா என்று பார், மழைத் தண்ணீர் உள்ளே தேங்கினால் இறைத்துவிடு. ஆனால் இன்ஜின் அறையில் இருக்கிற தண்ணி மெஷின் விஷயத்தில் மட்டும் விளையாடாதே. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் மெஷின் அது. அதற்குள் ஒரு சவ்வு சுருட்டி வைத்திருக்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் உள்ளே தங்கிய கடல் தண்ணீர் அழுகிச் சவ்வைத் தின்றுவிடும். சரி, எல்லாவற்றையும் வடித்துவிடலாம் என்றால் சவ்வு காய்ந்து செத்துப்போகும். ஆகவே நல்ல தண்ணீரில் கழுவி, மருந்துப் பொடி கலந்த தண்ணீரை உள்ளே நிரப்பித் தூங்க வைக்க வேண்டும். நான் கிளம்பும் முன்னால் உன்னைக் கரைக்கு அனுப்பிவிட்டு அதைத்தான் செய்தேன். அந்தப் பொடியின் நெடி உன் நெஞ்சுக்கு ஆகாது. டப்பாவைத் திறக்காதே.

சவ்வு கெட்டால் புதிது வர ஆறு மாதம் ஆகும். நாங்கள் போகிற தீவுகளில் ஊற்றுக் கிடையாது. தண்ணீர் செய்ய முடியாத படகு அங்கே போக முடியாது. வரும் பருவத்தில் அந்த ஜனங்களுக்கு டாக்டர் இல்லை என்று அர்த்தம். என் வேலையும் அதோடு சேர்த்தி.

எனக்கு இங்கே பயிற்சி ஆரம்பித்துவிட்டது. மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள்.

உன் தங்கை

&nbsp;

மே 25

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இழுப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. நேற்று கரையில் இருக்கும் மேட்டில் ஏறி இறங்கினேன், நெஞ்சு சத்தமே போடவில்லை. உன் ஜலதோஷம் விட்டதா? காய்ச்சல் விட்டும் மூக்கைத் தேய்த்துக்கொண்டே ஊருக்குப் போனாயே. அதை எழுத மறந்துவிட்டாய்.

நாற்பது வயசான இன்ஜினியரை வாண்டு என்று கூப்பிடலாமா என்று சாமான் படகுக்காரர் கேட்டார். கவரில் நான் முன்னாலேயே எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டார் மனுஷன். "அவ இன்ஜினியர் உங்களுக்கு. எனக்கு அவ மாவு மூட்டை மேல ஏறிக் குதிச்சவதான்" என்று சொல்லிவிட்டேன்.

உன் மெஷினைத் தினமும் போய்ப் பார்க்கிறேன். தொடவில்லை, பயப்படாதே. தொட்டில் பிள்ளையை எட்டிப் பார்க்கிற மாதிரி வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். இரண்டு நீளக் குழாய், ஒரு பம்பு, ஒரு திருகு, இரண்டு முள் கடிகாரம். இவ்வளவுதானா என்று இருந்தது. அப்புறம் நீ எனக்காகத் தொட்டியில் விட்டுப்போன தண்ணீரை ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். வாண்டு, நிஜமாகவே இது கடலா? படகின் ஓரம் குனிந்து ஒரு கை கடல் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்தேன், துப்பினேன். மறுபடியும் டம்ளர் தண்ணீரைக் குடித்தேன். இப்படி நாலைந்து தடவை செய்தேன். யாராவது பார்த்திருந்தால் கிறுக்கு என்றிருப்பார்கள். இத்தனை காலம் இந்தக் கரிப்புக்குள்ளே இவ்வளவு நல்ல தண்ணீர் ஒளிந்திருந்திருக்கிறது, நமக்குத் தெரியாமல்! கடல் வற்றிக் கருவாடு தின்னலாம் என்று உடல் வற்றிச் செத்த கொக்கைப் பரிகாசம் பண்ணுகிறோம். நீயானால் கடலையே குடிக்கக் கொடுத்திருக்கிறாய்.

எப்படி நடக்கிறது இது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. பயிற்சியில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

அண்ணன்

&nbsp;

ஜூன் 12

அன்புள்ள அண்ணா,

மேட்டில் ஏறினாய் என்று படித்ததும் எழுந்து நின்று சிரித்தேன். அதற்காக இரண்டாம் தடவை ஏறிக் காட்டாதே. சாப்பாடு சரியாக இருக்கிறதா? நான் நன்றாக இருக்கிறேன்.

எப்படி நடக்கிறது என்று கேட்டாய். பதினெட்டு வருஷமாக இதே வேலை, இன்னும் எனக்கே ஆச்சரியம் அடங்கவில்லை. அந்தச் சவ்வில் எந்தப் பூதக்கண்ணாடிக்கும் தெரியாத வழிகள் இருக்கின்றன. தண்ணீர் அதில் நுழையும், உப்பு நுழையாது. ஆனால் சும்மா ஊற்றினால் ஒரு சொட்டும் போகாது. உன் கட்டைவிரல் நகத்தின் மேல் உன்னைப் போல் ஒரு ஆளை ஏற்றி நிறுத்தினால் என்ன பாரமோ, அந்தப் பாரத்தில் கடலை அதன் மேல் அழுத்த வேண்டும். அப்போது மறுபக்கம் ஒரு நூல் தண்ணீர் வரும். அவ்வளவு பாரம் தாங்குகிற அந்தச் சவ்வை ஒரு சொட்டுக் குளோரின் கொன்றுவிடும், நாலு நாள் வெயில் கொன்றுவிடும். இத்தனை பலசாலி இத்தனை நோஞ்சானாக இருப்பதை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

இப்போது நீ ஒரு உதவி செய்ய வேண்டும். குழாயின் அடியில் பித்தளைக் குமிழ் ஒன்று இருக்கும். அதைத் திறந்து கால் டம்ளர் பிடித்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போ. காற்றடிக்கும் பக்கம் நின்று, கையை நீட்டித் தூரத்தில் வைத்து முகர்ந்து பார். தீக்குச்சி உரசினால் வருகிற நெடி வர வேண்டும். நன்றாக இருக்கிறது என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடாதே. எப்படி நன்றாக இருக்கிறது, எவ்வளவு காரம், எல்லாம் விவரமாக எழுது. வாசனையை வைத்தே உள்ளே ரொட்டி எந்தப் பக்கம் சிவந்திருக்கிறது என்று சொல்கிறவன் நீ.

இங்கே ஒரு வேடிக்கை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறைப் பெண் கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். "என்னங்க, தீஞ்சு போற நாத்தம் தெருவரைக்கும் வருது, நீங்க அசையாம உக்காந்திருக்கீங்க!" என்றாள். அவ்வளவு ஆழ்ந்து படித்திருக்கிறேன் பார்.

அண்ணிக்கு எழுதினால் நான் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

&nbsp;

ஜூன் 28

அன்புள்ள வாண்டுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை கேள்வியாகவே கேட்கிறேன். பதில் எழுது.

நீ சொன்னபடியே குமிழைத் திறந்து மேலே கொண்டுபோய்க் கையை நீட்டி முகர்ந்தேன். தீக்குச்சி நெடி இல்லை. முட்டை அழுகின நாற்றம். கையை நீட்டவே தேவையில்லை, டம்ளர் படியேறும்போதே தெரிந்துவிட்டது. தண்ணீரும் லேசாகக் கலங்கியிருந்தது.

அப்புறம் ஒரு தப்புப் பண்ணினேன், திட்டாதே. பொடி டப்பாவைத் திறந்தேன். ஒட்டியிருந்த சீட்டைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பொடி எனக்குப் பழைய தோழன். பிஸ்கட் மாவு முறுக்கிக்கொண்டு அடம் பிடித்தால் அதை இளக்க ஒரு சிட்டிகை போடுவோம், அதே பொடி! நல்ல பொடியாக இருந்தால் மூடியைத் திறந்த உடனே மூக்கில் ஓங்கி ஒரு அறை விடும். கண்ணில் தண்ணீர் வரும். என்னைப் போன்ற இழுப்புக்காரன் அந்தப் பக்கமே நிற்க முடியாது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திறந்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை விட்டு முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. சுவரில் அடிக்கும் சுண்ணாம்பு மாதிரி சும்மா கிடக்கிறது. கட்டி கட்டியாகவும் இருக்கிறது. ஈரக்காற்று பட்டு எப்போதோ உயிரை விட்டுவிட்ட பொடி. பேக்கரியில் முதல் வருஷப் பையன்கூட இதை மாவில் போட மாட்டான்.

நீ இதைத்தான் கலந்தாயா? இல்லை, வேறு நல்ல டப்பா இருந்ததா? ஒரு வாளி முழுக்கக் கலந்து, பக்கத்தில் நின்று ஓடவிட்டிருக்கிறாய். நெடி வரவில்லை என்பது உனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

மெஷினுக்கு இப்போது என்ன செய்வது? சீக்கிரம் எழுது. பார்க்கிறபோதெல்லாம் உள்ளே ஏதோ அழுகிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்புத்தான் வருகிறது.

அண்ணன்

&nbsp;

ஜூலை 17

வாண்டு,

சாமான் படகு இரண்டு தடவை வந்து போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. படகுக்காரர் பையைத் தலைகீழாகக் கொட்டியே காட்டிவிட்டார். உடம்பு சரியில்லையா? நான் கேட்ட கேள்வியில் ஏதாவது குத்தலாக இருந்துவிட்டதா? யானைக்கும் அடி சறுக்கும். உன் மேல் எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது.

பிஸ்கட் தொழிற்சாலையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். நல்ல பொடியாகச் சீல் உடைக்காத டப்பா ஒன்று அனுப்பச் சொல்லி எழுதிவிட்டேன். அடுத்த படகில் வந்துவிடும். கழுவி மருந்து நிரப்பும் முறையை நீ உன் கையால் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டியிருக்கிற தாளைப் படித்துப் படித்து மனப்பாடமாகிவிட்டது. நீ வேண்டாம் என்று எழுதினால் நிறுத்திக்கொள்கிறேன். எழுதாவிட்டால் நானே கலந்து நிரப்பிவிடுவேன்.

எப்படியிருக்கிறாய் என்று மட்டுமாவது எழுது.

அண்ணன்

&nbsp;

ஜூலை 24

அன்புள்ள அண்ணா,

இரண்டு கடிதமும் கிடைத்தது. நலமாக இருக்கிறேன்.

டப்பா மூடி சரியாக மூடாமல் இருந்திருக்கும். பொடி வீணாகியிருக்கும்.

நீ கலக்கக் கூடாது. அந்த நெடி ஒரு இழுப்புக்காரனின் நெஞ்சை அடைத்துவிடும், உனக்கே தெரியும். மெஷின் போனால் போகட்டும். படகு ஒரு பருவம் போகாவிட்டால் என்ன, உலகம் முழுகிவிடாது. நீ எதையும் தொடாதே. என் மேல் ஆணையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பயிற்சி முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

தங்கை

&nbsp;

ஆகஸ்ட் 4

அன்புள்ள வாண்டுக்கு,

உன் கடிதமும் பொடி டப்பாவும் ஒரே படகில் வந்தன. கடிதத்தை முதலில் படித்தேன். படகு போகாவிட்டால் என்ன என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் இது என் தங்கை எழுதியதில்லை என்று முடிவு செய்தேன். என் தங்கை அந்தத் தீவுகளில் பிறந்த குழந்தைகளைச் சொந்தப் பிள்ளைகள் மாதிரி எண்ணி வைத்திருக்கிறவள். அதனால் யாரோ எழுதிய கடிதத்தை மடித்து வைத்துவிட்டு டப்பாவைப் பிரித்தேன்.

முதலில் கழுவ வேண்டும், குளோரின் படாத தண்ணீரில் கழுவ வேண்டும் என்று தாளில் எழுதியிருக்கிறாய். கரைக்குழாய்த் தண்ணீரில் குளோரின் மூக்கைத் துளைக்கிறது. மிச்சம் இருந்தது நீ எனக்குக் குடிக்க விட்டுப்போன தொட்டித் தண்ணீர்தான். மெஷின் செய்த தண்ணீர் மெஷினுக்கே ஆகட்டும் என்று அதை எடுத்துவிட்டேன். நான் இப்போது மழைத் தண்ணீர் குடிக்கிறேன். மேல்தளத்தில் தார்பாயை நாலு மூலையும் கட்டி விட்டேன், ஒரே மழையில் நிரம்பிவிட்டது.

அழுத்தத் திருகை முழுக்கத் திறந்து வைத்து, பம்பைப் போட்டேன். முதல் வாளி வெளியே வந்தபோது பக்கத்தில் கட்டியிருந்த மீன் படகுக்காரர், "என்னய்யா செத்துக் கெடக்கு உள்ள?" என்று கேட்டுவிட்டார். இரண்டாவது வாளியில் நாற்றம் மங்கியது. அப்புறம் வந்த வாளியை முகர்ந்தால் சேறு வாசனை, பிறகு ஈரத் துணி வாசனை. கடைசியாக ஒரு வாளி வந்தது, அதில் ஒன்றுமே இல்லை. குனிந்து குனிந்து பார்த்தேன், ஒன்றுமே இல்லை. அழுகிப்போன ஒன்று என் கண் முன்னால் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கும்பிடலாம் போலிருந்தது, யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

பொடியை மேல்தளத்தில் வைத்துக் கலந்தேன். மூக்கில் ஈரத் துணி, கண்ணுக்குக் கண்ணாடி, முதுகுப்பக்கம் காற்று. ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இழுக்கும் குழாயையும் வெளியே விடும் குழாயையும் அதே வாளியில் விட்டுச் சுற்ற விட்டேன். திரும்பி வருகிற தண்ணீரில் தீக்குச்சி நெடி கிளம்பியதும் வால்வுகளை மூடினேன். "மருந்து நிரப்பியிருக்கிறது, அழுத்தம் கொடுக்காதே" என்று பெரிய எழுத்தில் எழுதித் திருகில் கட்டிவிட்டேன். சவ்வு பிழைத்ததா என்பது எழுப்பும்போதுதான் தெரியும் என்று உன் தாள் சொல்கிறது.

இப்போது என் கேள்வி. ஜலதோஷம் விட்டதா என்று கேட்டேன், பதில் இல்லை. தெருவரைக்கும் நாறிய தீய்ந்த பாலின் பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய். செத்த பொடியைக் கலந்திருக்கிறாய். எப்போதிருந்து வாண்டு?

அண்ணன்

&nbsp;

ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். பயமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. நெஞ்சு நிஜமாகவே நன்றாக இருக்கிறதா? ஒன்றும் ஆகவில்லை என்பதை அவ்வளவு சுருக்கமாக நீ எழுதுகிற ஆள் இல்லையே.

மார்ச்சில் வந்த காய்ச்சலோடு வாசனை தெரிவதே போயிற்று. ஒரு காலையில் இன்ஜின் அறைக்குள் நுழைந்தேன், அறை காலியாக இருந்தது. எல்லாச் சாமானும் அதனதன் இடத்தில் இருந்தது, ஆனால் காலியாக இருந்தது. டீசல் வாசனை இல்லை, ஆயில் இல்லை, சூடேறின ரப்பர் இல்லை. மூக்கு அடைத்திருக்கிறது, சரியாகிவிடும் என்று இருந்தேன். உப்பும் இனிப்பும் நாக்குக்குத் தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நீ சுட்ட ரொட்டியை அண்ணி கட்டிக் கொடுத்தாரே, அது வாயில் பஞ்சாக இருந்தது. உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

இன்ஜின் அறையில் கண்ணைவிட மூக்குத்தான் வேலை செய்யும். ஒயர் கருகுவது, எரிபொருள் கசிவது, எல்லாம் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். பொடியின் காரத்தைச் சோதிக்கும் காகிதச் சீட்டுக்கூட அலமாரியில் இருக்கிறது. நான் என்றைக்கு அதைத் தொட்டேன்? மூக்கு இருக்கும்போது சீட்டு எதற்கு என்று இருந்தவள். அந்தப் பழக்கத்திலேயே கலந்துவிட்டேன். உன் கடிதம் வந்தபோதுதான், எனக்குத் தெரியாமலேயே நான் தப்பு செய்துவிட முடியும் என்பது உறைத்தது. பதில் எழுதக் கை வரவில்லை.

பயிற்சி என்று சொன்னேனே, இங்கே ஒரு டாக்டர் நாலு சின்னப் புட்டி கொடுத்திருக்கிறார். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, தைலம். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக மூக்கருகே வைத்துக்கொண்டு அதன் வாசனையை நினைத்துப் பார்க்க வேண்டும். நரம்பு மறுபடி முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம் என்கிறார். முளைக்கும் என்பதே எனக்குப் பெரிய அதிசயமாக இருக்கிறது அண்ணா. உடம்புக்குள்ளே எத்தனை விஷயம் நம்மைக் கேட்காமலே இத்தனை காலம் நடந்துகொண்டிருந்திருக்கிறது! போன பிறகுதான் வாய் பிளந்து பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் கிராம்பு வந்த மாதிரி இருந்தது. ஆசையாகக்கூட இருக்கலாம்.

கேப்டனிடம் சொல்லிவிடப் போகிறேன். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். வேலை போகுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் தெரியாமல் ஒரு ஆஸ்பத்திரியைக் கொளுத்திவிட எனக்குத் தைரியம் இல்லை.

தங்கை

&nbsp;

செப்டம்பர் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணி எழுதுகிறேன். வேளா வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ருசி தெரியவில்லை என்று வயிற்றைக் காயப் போடாதே.

உன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். பதறாதே, இப்போது நன்றாக இருக்கிறார். அந்தப் பொடியைக் கலந்த மறுநாளே இழுப்பு பிடித்துக்கொண்டதாம். கலக்கும்போது காற்று திசை மாறி முகத்திலேயே அடித்ததாம். அந்த நிலையில்தான் உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறார். அடுத்த படகில் சாமான் படகுக்காரர் தூக்கிக்கொண்டு வராத குறையாகக் கூட்டி வந்தார். ஆஸ்பத்திரியில் நாலு நாள் மூக்கில் குழாய். படகைக் கேப்டன் ஏற்பாடு செய்த ஆள் பார்த்துக்கொள்கிறான். இதையெல்லாம் உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அண்ணனும் தங்கையும் ஒருத்தருக்கொருத்தர் மறைத்து மறைத்தே என் உயிரை வாங்குவீர்கள், நான் எதற்குச் சத்தியத்தைக் காப்பாற்றுவது?

உன் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பேசினாலே மூச்சு வாங்குகிற மனுஷன் கையை ஆட்டி, "எழுது, எழுது" என்றார். அவர் சொன்னதை அப்படியே போடுகிறேன்: "பஞ்சா இருந்தாலும் என் ரொட்டிய முழுசாத் தின்னாளே, அதுக்கு முதல்ல நன்றி சொல்லு. அப்புறம், மெஷினை அவளே எழுப்பணும். வேற யார் கையும் படக் கூடாது. நான் செஞ்சது பாதிதான்."

எனக்கு அந்த மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் இவர் முகம் கல்யாண நாளில்கூட நான் பார்க்காத முகமாக இருக்கிறது.

அண்ணி

&nbsp;

அக்டோபர் 10

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

அண்ணன் இப்போது எந்தக் குழாயும் இல்லாமல் மூச்சு விடுவதாகச் சாமான் படகுக்காரர் சொன்னார். அவர் சொன்னால் நம்பலாம். அண்ணா, உன்னைத் திட்ட ஒரு முழுக் கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதனால் இது திட்டாத கடிதம்.

கேப்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மூக்கு இல்லாம இன்ஜின் ரூமா?" என்றார். எங்கள் படகு நர்ஸம்மா குறுக்கே வந்து, "என் மூக்கு சும்மாத்தானே இருக்கு? ரெண்டு வேளை நான் எறங்கி ஒரு சுத்து மோந்து பாத்துட்டு வரேன். வாயு கசிஞ்சா கத்துற பெட்டியும் ரெண்டு வாங்கி மாட்டுவோம்" என்றார். கேப்டன் அதற்கும் தலையாட்டவில்லை. கடைசியில், "முதல்ல மெஷினை எழுப்பிக் காட்டும்மா. அது செத்துப் போயிருந்தா நாம பேச ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நேற்றுக் காலை எழுப்பினேன். நீ கட்டியிருந்த அட்டையை அவிழ்த்தேன். திருகைத் திறந்தே வைத்து மருந்தெல்லாம் வெளியே போகும்வரை கடலை உள்ளே ஓடவிட்டேன். சீட்டுப் போட்டுச் சோதித்தேன். ஆமாம், சீட்டு! நர்ஸம்மா முகர்ந்து பார்த்து நெடி போய்விட்டது என்றார். அதன் பிறகுதான் திருகைப் பிடித்தேன். கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். படகு டாக்டர் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கொஞ்சம் திருகினேன், முள் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன். பம்பின் சத்தம் கனத்தது. அந்தச் சத்தத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், நேற்று அடிவயிற்றில் கேட்டது.

மெல்லிய குழாயில் ஒரு சொட்டு வந்தது. இன்னொரு சொட்டு. அப்புறம் நூல் மாதிரி ஓட ஆரம்பித்தது. உப்பு அளக்கும் மீட்டரை வைத்தேன், உப்பு என்று காட்டியது. "என்னம்மா?" என்றார் கேப்டன். "கொஞ்சம் பொறுங்க" என்றேன். மறுபடி வைத்தேன், உப்பு. இவ்வளவு நாள் அழுகலில் கிடந்த சவ்வு, என் தப்பினால் கிடந்த சவ்வு, கிழிந்துதான் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உன் நெஞ்சு அடைத்ததும் வீண்தானா என்று நினைத்ததும் கண் மறைத்தது. மூன்றாம் தடவை வைத்தபோது எண் பாதியாக இறங்கியிருந்தது. அதன் பிறகு நான் மீட்டரை எடுக்கவே இல்லை, அது இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே அவ்வளவு பெரிய கடல் கிடக்கிறது, அதிலிருந்து ஒரு நூல் பிரிந்து நல்ல தண்ணீராக என் விரல் மேல் விழுகிறது. பதினெட்டு வருஷம் பார்த்ததை நேற்றுத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

முதலில் வந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, மீட்டர் சரி என்று சொன்ன பிறகு ஒரு டம்ளர் பிடித்தேன். எழுப்பினவள்தான் முதலில் குடிக்க வேண்டும், எங்கள் படகில் அது வழக்கம். நர்ஸம்மா டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எனக்கு ஒண்ணும் வரலையே, மூக்கு போச்சா எனக்கும்?" என்றார். டாக்டர் வாங்கி முகர்ந்தார், "ஒண்ணும் வரல" என்றார். கேப்டனும் வாங்கி மூக்கைக் கிட்டத்தட்ட உள்ளேயே விட்டுப் பார்த்தார். "ஒண்ணுமே வரலையேம்மா."

அப்புறம் என் கைக்கு வந்தது. நானும் மூக்கருகே வைத்தேன், எனக்கும் ஒன்றும் வரவில்லை. குடித்தேன். நல்ல தண்ணீருக்கு வாசனையே கிடையாது அண்ணா! மார்ச்சுக்குப் பிறகு நான் வாயில் வைத்ததில் எதுவுமே குறையாமல் இருந்தது இதுதான். அந்த டம்ளரில் இருந்தது எல்லாருக்கும் எவ்வளவோ, எனக்கும் அவ்வளவுதான்.

கேப்டன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, நாளைக்குக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார். போகும்போது இன்ஜின் அறைச் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அண்ணி, அவரை எந்த மேட்டிலும் ஏறவிடாதீர்கள். முதல் தீவிலிருந்து எழுதுகிறேன்.

வாண்டு